விபிஎன் தானாக இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஆனால் இணையவில்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

பல கணினிகளை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் இன்ட்யூன், ஆன்சிபிள் மாதிரியான கருவிகளை வைத்து நூறு லேப்டாப்புக்கு ஒரே நேரத்தில் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) அனுப்புவது இப்போது சுலபம். சிக்கல் அதற்கு அப்புறம்தான் வருகிறது. டாஷ்போர்டு பச்சையாக இருக்கும், மேடவாக்கத்தில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கோ ஒன்றுமே திறக்காது. அனுப்பிய ஸ்கிரிப்ட் (கட்டளைத் தொகுப்பு) ஓடி முடிந்ததை மட்டும்தான் கருவி நமக்குத் தெரிவிக்கிறது. அது யாருடைய கணக்கில் ஓடியது, அவர் எந்த இணைப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்ற இரண்டும் அதற்குத் தெரியாது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றில் போய்த்தான் முடியும்.

கிண்டியில் தலைமை அலுவலகம், அங்கே ஒரு ஃபயர்வால், தாம்பரம் முதல் அம்பத்தூர் வரை சிதறிக் கிடக்கும் பயனர்கள், ஒன்றிரண்டு கிளைகளில் சின்ன லினக்ஸ் பெட்டிகள். சென்னையில் நடுத்தர நிறுவனங்கள் பலவற்றின் அமைப்பு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எண்ணையும் இணைப்பையும் கேட்டு வாங்குங்கள்

“சார், விபிஎன் கனெக்ட் ஆகல” என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. விண்டோஸோடு வரும் விபிஎன் என்றால் ஈவன்ட் வியூவரில் அப்ளிகேஷன் பகுதிக்குப் போய், ராஸ்கிளையன்ட் என்ற மூலத்திலிருந்து வந்த 20227 எண் பதிவைத் திறக்கச் சொல்லுங்கள். எந்தப் பிழை எண்ணோடு இணைப்பு தோற்றது என்று அதன் கடைசி வரியில் இருக்கும். 809, 13801, 691 எல்லாம் முற்றிலும் வேறு வேறு நோய்கள். எண் தெரியாமல் மருந்து கொடுக்காதீர்கள்.

அடுத்து, வீட்டு பிராட்பேண்டில் வரவில்லையென்றால் போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்தால் லேப்டாப்பில் குறை இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டிலும் வரவில்லையென்றால் லேப்டாப்பையோ சர்வரையோதான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ரிமோட்டில் போய் விபிஎன்னை அழித்துத் திரும்ப இன்ஸ்டால் செய்வதுதான் அதிக நேரத்தைத் தின்கிறது.

அறிகுறி: கருவி ‘வெற்றி’ என்கிறது, பயனரின் திரையில் விபிஎன்னே இல்லை

இன்ட்யூன் வழியாக அனுப்பும் பவர்ஷெல் ஸ்கிரிப்ட், நாம் மாற்றாத வரை, சிஸ்டம் கணக்கில் (பயனருடையது அல்ல, விண்டோஸின் சொந்தக் கணக்கு) ஓடும். அங்கே ஆட்-விபிஎன்கனெக்‌ஷன் கட்டளை கொடுத்தால் இணைப்பு உருவாகும், ஆனால் சிஸ்டம் கணக்குக்கே சொந்தமான போன்புக்கில் (விபிஎன் இணைப்புகளின் பட்டியல்) உருவாகும். பயனர் உள்ளே வந்து நெட்வொர்க் செட்டிங்கைத் திறந்தால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும்.

உறுதிசெய்ய, பயனரின் கணக்கிலேயே பவர்ஷெல்லைத் திறந்து கெட்-விபிஎன்கனெக்‌ஷன் என்று ஒருமுறை ஓட்டுங்கள், அப்புறம் அதோடு ஆல்யூசர்கனெக்‌ஷன் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். இரண்டிலும் எதுவும் வராவிட்டால், இணைப்பு பெரும்பாலும் சிஸ்டம் கணக்கில்தான் மாட்டியிருக்கிறது. ஸ்கிரிப்டில் ஆல்யூசர்கனெக்‌ஷன் என்ற சுவிட்சைச் சேர்த்துத் திரும்ப அனுப்பினால் சரியாகிவிடும். அது ப்ரோகிராம்டேட்டாவின் கீழ் இருக்கும் பொதுவான ராஸ்போன் கோப்பில் எழுதும், அந்த லேப்டாப்பில் யார் உள்ளே வந்தாலும் தெரியும். பயனருக்கு மட்டும் வேண்டுமென்றால், உள்ளே இருப்பவரின் கணக்கிலேயே ஸ்கிரிப்டை ஓட்டும்படி இன்ட்யூனில் ஒரு தேர்வு இருக்கிறது.

ஒருமுறை வெற்றி என்று பதிவான ஸ்கிரிப்டை, அதில் ஏதாவது மாற்றாத வரை இன்ட்யூன் மறுபடி ஓட்டாது. தோற்றால் அடுத்தடுத்த மூன்று முறை முயன்றுவிட்டு விட்டுவிடும். ஆகவே பயனர் தவறிப்போய் அந்த இணைப்பை அழித்துவிட்டால் அது தானாகத் திரும்பி வராது. நிலையாக இருக்க வேண்டிய விபிஎன்னுக்கு ஸ்கிரிப்டைவிட இன்ட்யூனின் விபிஎன் ப்ரொஃபைலே (செட்டிங்குகளின் தொகுப்பு) நல்லது என்பது என் முடிவான கருத்து. ப்ரொஃபைலில் கிடைக்காத செட்டிங்குக்கு மட்டும் ஸ்கிரிப்ட் வைத்துக்கொள்ளுங்கள்.

இதே இடத்தில் இன்னொரு பொறி. ஸ்கிரிப்ட் இயல்பாக 32 பிட் பவர்ஷெல்லில் ஓடும். ஹெச்கேஎல்எம் சாஃப்ட்வேரின் கீழ் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைக்கும் இடம்) எழுதச் சொன்னால், அது டபிள்யூஓடபிள்யூ6432நோடு என்ற வேறு இடத்துக்குப் போய்விடும். ட்ரைவர் போடும் பிஎன்பியுடில் கருவியோ ‘அப்படி ஒன்று இல்லை’ என்று சொல்லும். கையால் ஓட்டிப் பார்க்கும்போது நாம் 64 பிட்டில் ஓட்டுவதால் எல்லாம் சரியாக நடக்கும், அதனால்தான் குழப்பம். அனுப்பும்போது 64 பிட் என்ற தேர்வை ‘யெஸ்’ என்று மாற்றிவிடுங்கள். லாக் எல்லாம் ப்ரோகிராம்டேட்டாவில் மைக்ரோசாஃப்ட், அதனுள் இன்ட்யூன்மேனேஜ்மென்ட்எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரில் கிடைக்கும்.

அறிகுறி: கிளையன்ட் இன்ஸ்டாலேஷனே தோற்றது என்கிறது

எம்எஸ்ஐ (விண்டோஸ் இன்ஸ்டாலர்) கோப்பாக அனுப்பும் கிளையன்ட்டுகளுக்கு (லேப்டாப்பில் ஓடும் விபிஎன் மென்பொருள்) முதலில் திரும்பிவரும் எண்ணைப் பாருங்கள். 3010 என்றால் தோல்வியே இல்லை. இன்ஸ்டால் ஆகிவிட்டது, ஒரு ரீஸ்டார்ட் வேண்டும், அவ்வளவுதான். இதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதே என்று கருவியிடம் சொல்லி வைக்க வேண்டும். 1618 என்றால் அதே நேரத்தில் வேறு ஏதோ இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கிறது. புது லேப்டாப் கொடுக்கும் முதல் நாளில், ஆஃபீஸ் முதல் ஆன்டிவைரஸ் வரை எல்லாம் ஒன்றாக இறங்கும்போது இது சகஜம். மறுமுயற்சி வைத்தால் போதும்.

1603 வந்தால்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். விரிவான லாக்கோடு திரும்ப ஓட்டி, ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்ற வரியைத் தேடி, அதற்குச் சற்று மேலே இருப்பதைப் படியுங்கள். உண்மையான காரணம் அங்கேதான் இருக்கும். விபிஎன் கிளையன்ட்டுகளில் அது பெரும்பாலும் நெட்வொர்க் ட்ரைவர். சில பழைய ட்ரைவர்கள் ‘இந்த நிறுவனத்தை நம்பலாமா?’ என்று ஒரு கேள்விப் பெட்டி போடும். சைலன்ட் இன்ஸ்டாலேஷனில் அதை அழுத்த ஆள் இல்லை. அந்த நிறுவனத்தின் டிஜிட்டல் சான்றிதழை டிரஸ்டட் பப்ளிஷர்ஸ் பட்டியலில் முன்னாடியே அனுப்பிவிடுங்கள்.

அறிகுறி: பிழை 809, சர்வர் பதிலே சொல்லவில்லை

லேப்டாப்புக்கும் சர்வருக்கும் நடுவே எங்கேயோ பாக்கெட் (தரவுத் துண்டு) விழுந்துவிடுகிறது. ஐகேஇவி2 என்ற விபிஎன் முறைக்கு யுடிபி 500, 4500 இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் நிறுவனத்தின் கெஸ்ட் வைஃபை, ஹோட்டல் வைஃபை, சில அபார்ட்மென்ட்களில் சங்கம் மொத்தமாக எடுத்துப் பிரித்துக் கொடுக்கும் இணைப்பு, இவற்றில் இந்த போர்ட்டுகள் அடைபட்டிருப்பது உண்டு. இதைச் சோதிக்கப் பலரும் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் ஓட்டுகிறார்கள். போர்ட்டைப் பொறுத்தவரை அது டிசிபி என்ற வேறு முறையை மட்டும்தான் சோதிக்கும், யுடிபியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. நம்பகமான வழி, ஃபயர்வாலில் பாக்கெட் கேப்சர் (வந்து போகும் பாக்கெட்டுகளின் பதிவு) போட்டுவிட்டுப் பயனரைக் கனெக்ட் அழுத்தச் சொல்வதுதான்.

கேப்சரில் ஒன்றுமே வரவில்லையென்றால் பயனர் பக்கம் அடைபட்டிருக்கிறது. 500-ல் வந்து பதிலும் போய், 4500-ல் அரைகுறையாக நின்றால், பாக்கெட் உடைவதைச் சந்தேகப்படுங்கள். சான்றிதழோடு வரும் ஐகேஇவி2 செய்தி பெரியது, ஒரு பாக்கெட்டில் அடங்காமல் உடைந்து பயணிக்கும். உடைந்த துண்டுகளைச் சில ரவுட்டர்கள் கடத்திவிடுவதில்லை. அதற்காகத்தான் ஐகேஇ தன் செய்தியைத் தானே சிறு துண்டுகளாக்கி அனுப்பும் வசதி ஆர்எஃப்சி 7383 என்ற இணையத் தர ஆவணத்தில் வந்தது. விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பு முதல் கிளையன்ட்டில் அது இருக்கிறது. விண்டோஸ் சர்வர் 2019-ல் விபிஎன் ஓட்டுகிறீர்கள் என்றால், எனேபிள்சர்வர்ஃப்ராக்மென்டேஷன் என்ற ரெஜிஸ்ட்ரி மதிப்பை 1 ஆக்க வேண்டும். தானாக இயங்காது.

எதுவும் சரிவராத இடங்களுக்கு டிசிபி 443-ல் போகும் எஸ்எஸ்டிபி என்ற விபிஎன் முறையை மாற்று வழியாக வைத்திருங்கள். வேகம் சற்றுக் குறையும், ஆனால் வேலை நிற்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் பக்கம் இருந்தவர்களுக்குக் கரண்டும் பிராட்பேண்டும் போய், கிடைத்த சிக்னலில் போனை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு எந்த இணைப்பு கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சென்னையில் விபிஎன் அனுப்புகிறவர்கள் இரண்டாவது வழி இல்லாமல் ஒரு ப்ரொஃபைலையும் அனுப்பக் கூடாது என்பேன்.

சர்வர் இருப்பது கிளையில் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். அங்கே ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், அது சேவை நிறுவனத்தின் சிஜிநேட்டுக்குள் (பல வாடிக்கையாளர்கள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் ஏற்பாடு) இருக்கிறது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. எவ்வளவு போர்ட் ஃபார்வர்டு செய்தாலும் பலனில்லை. ஸ்டேட்டிக் ஐபி வாங்குங்கள், அல்லது கிளையைத் தலைமை அலுவலகத்துக்கு டயல் செய்ய வையுங்கள்.

அறிகுறி: 13801, 13806, 13868

இந்த மூன்றிலும் சர்வர் எட்டிவிட்டது, ஒப்புதல்தான் கிடைக்கவில்லை. 13801 என்றால் சர்வரின் சான்றிதழை லேப்டாப் ஏற்கவில்லை. ப்ரொஃபைலில் சர்வர் முகவரியாக ஐபி எண்ணைப் போட்டிருப்பார்கள், சான்றிதழிலோ பெயர் இருக்கும். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அது சரியாக இருந்தால் ரூட் சான்றிதழை (சர்வரின் சான்றிதழை வழங்கியவரின் மூலச் சான்றிதழ்) தேடுங்கள். மறுபடியும் ‘யார் கணக்கில்’ என்ற கேள்விதான்: ஸ்கிரிப்ட் அதைப் பயனரின் பட்டியலில் போட்டிருக்கும், விபிஎன்னோ கணினியின் பட்டியலில் தேடும்.

13806 என்றால் லேப்டாப்பிடம் காட்டுவதற்குச் சான்றிதழே இல்லை. புது லேப்டாப்பில் விபிஎன் ப்ரொஃபைல் முதலில் வந்து சான்றிதழ் பின்னால் வருவது உண்டு. சற்று நேரம் விட்டு சிங்க் செய்துவிட்டுப் பாருங்கள், பல சமயம் அதிலேயே முடிந்துவிடும். 13868 என்றால் இரு பக்கமும் பேச வேண்டிய குறியாக்க முறை பொருந்தவில்லை. ஃபயர்வாலில் பழைய, பலவீனமான முறைகளை யாரோ நிறுத்தியிருப்பார்கள், விண்டோஸ் தன் இயல்பான பட்டியலையே நீட்டிக்கொண்டிருக்கும். செட்-விபிஎன்கனெக்‌ஷன்ஐபிசெக்கான்ஃபிகரேஷன் கட்டளையால் லேப்டாப் பக்கத்தை உயர்த்துங்கள். ஃபயர்வாலைத் திரும்பக் கீழே இறக்காதீர்கள்.

691 பெயர் அல்லது பாஸ்வேர்டு. 812 சர்வரின் கொள்கை அந்தப் பயனரை அனுமதிக்கவில்லை, பெரும்பாலும் குரூப்பில் சேர்க்க மறந்திருப்பார்கள்.

அறிகுறி: நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்ததும் இணையவில்லை

கடிகாரத்தைப் பாருங்கள். நேரம் பின்னால் போயிருந்தால் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ ஆகிவிடும். அந்தப் பிழையாவது கண்ணுக்குத் தெரியும். வயர்கார்ட் என்ற விபிஎன்னில் அதுவும் தெரியாது.

மாதவரம் பக்கம் ஒரு கோடவுனில், எடை மெஷினுக்குப் பக்கத்தில், ராஸ்பெர்ரி பை மாதிரி ஒரு சின்னப் பெட்டி வயர்கார்டோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பேட்டரி வைத்த கடிகாரம் இல்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது பழைய நேரத்திலிருந்து தொடங்கும். வயர்கார்ட் ஒவ்வொரு ஹேண்ட்ஷேக்கிலும் (இணைப்பைத் தொடங்கும் செய்தி) நேரத்தை எழுதி அனுப்புகிறது. அந்தப் பெட்டியிடமிருந்து கடைசியாக வந்த நேரத்தைவிடப் பழைய நேரத்தோடு ஒன்று வந்தால், யாரோ பழைய பாக்கெட்டைத் திரும்ப வீசுகிறார்கள் என்று எண்ணி சர்வர் பேசாமல் தள்ளிவிடும். லாக்கில் ஒன்றும் இருக்காது. இதில் நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி சர்வரும் விபிஎன்னுக்கு உள்ளே இருந்துவிட்டால் முடிச்சு இறுகிவிடும்: நேரம் சரியாக விபிஎன் வேண்டும், விபிஎன் வர நேரம் சரியாக வேண்டும்.

என்டிபிக்குப் போகும் வழி விபிஎன்னுக்கு வெளியே இருக்க வேண்டும். நேரம் ஒத்துப்போன பிறகே வயர்கார்ட் தொடங்கும்படி சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் நிரல்) வரிசை வையுங்கள். எந்த சர்வரை வைப்பது என்ற கேள்விக்கு நம் நாட்டில் விதியே இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் நேரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல்-லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) என்டிபி சர்வர்களோடு, அல்லது அவற்றோடு ஒத்துப்போகும் சர்வர்களோடு இணைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் அதே உத்தரவு சொல்கிறது. விபிஎன் சர்வரின் லாக்கையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: இணைந்துவிட்டது, ஆனால் உள்ளே எதுவும் திறக்கவில்லை

“பச்சையாத்தான் இருக்கு தம்பி, ஆனா டேலி மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. நாளைக்கு ஜிஎஸ்டி கடைசி நாள்.” அக்கவுன்ட்ஸ் அக்காவின் இந்த ஒரு வரியில் மூன்று வேறு பிழைகள் ஒளிந்திருக்கலாம். பொறுமையாக ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். இருபதாம் தேதிக்கு முந்தைய நாள் அவரைக் காக்க வைப்பது நியாயமில்லை.

முதலில் சர்வரின் ஐபி எண்ணுக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்யச் சொல்லுங்கள். அது வந்து பெயருக்கு வரவில்லையென்றால் சிக்கல் டிஎன்எஸ் (பெயரை ஐபி எண்ணாக மாற்றும் சேவை). அலுவலகப் பெயர்களை அலுவலக டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும்படி ப்ரொஃபைலில் சொல்லப்படவில்லை.

எண்ணுக்கே பிங் வரவில்லையென்றால் ரவுட்டிங் (பாக்கெட் எந்த வழியில் போவது என்ற ஏற்பாடு). அலுவலகம் 192.168.1 வரிசையில் இருந்து, வீட்டு ரவுட்டரும் அதே 192.168.1 கொடுத்தால், லேப்டாப் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். சிலருக்கு மட்டும் வராது, ஹாட்ஸ்பாட்டில் வந்துவிடும் என்றால் இதுதான். இப்போதைக்குத் தேவையான சர்வர்களுக்கு மட்டும் ஆட்-விபிஎன்கனெக்‌ஷன்ரவுட் மூலம் 32 பிட் மாஸ்க்கோடு (அந்த ஒரு முகவரிக்கு மட்டும்) தனி வழி அனுப்பினால் ஓடும், ஏனென்றால் குறிப்பான வழிக்கே முன்னுரிமை. நிரந்தரத் தீர்வு அலுவலக எண் வரிசையை மாற்றுவதுதான். பெரிய வேலைதான், ஆனால் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் வீட்டில் மாட்டிக்கொண்டே இருப்பார். ஸ்ப்ளிட் டனல் (அலுவலகத்துக்கானது மட்டும் விபிஎன் வழியாகப் போகும் அமைப்பு) போட்டிருந்தால் இன்னொன்று: 10-ல் தொடங்கும் முகவரியை விபிஎன் கொடுத்தால், 10-ல் தொடங்கும் எல்லா முகவரிகளுக்கும் விண்டோஸ் தானே வழி போட்டுக்கொள்ளும். 172, 192 வரிசைகளுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

பிங் வருகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரிய ஃபைல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால் எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு). அக்காவின் டேலிக்குக் காரணம் பல நேரம் இதுதான். வயர்கார்ட் இயல்பாக 1420 வைக்கும், அது 1500 பைட் இணைப்புக்கான கணக்கு. பிபிபிஓஇ (பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் முறை) வழியாக வரும் பிராட்பேண்டில் 1492 தான் இருக்கும். வயர்கார்டின் சுமை அதிகபட்சம் 80 பைட், ஆகவே 1412 வைக்க வேண்டும். சோதிக்க, விபிஎன்னைத் துண்டித்துவிட்டு, உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் அளவில் வெளியே பிங் செய்யுங்கள். போகாவிட்டால் 1464-ல் முயலுங்கள். போகும் அளவோடு தலைப்புக்கான 28-ஐக் கூட்டினால் இணைப்பின் எம்டியு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி எண் வைத்துப் பராமரிக்க முடியாது என்றால் எல்லோருக்கும் 1280 அனுப்பிவிடுங்கள். வேகத்தில் இழப்பது கொஞ்சம்தான்.

அறிகுறி: ஒருவர் உள்ளே வந்தால் இன்னொருவர் வெளியே போகிறார்

இரண்டு லேப்டாப்பிலும் ஒரே சாவி இருக்கிறது. வயர்கார்டின் தனிச்சாவியை (ரகசியச் சாவி) மாஸ்டர் இமேஜிலோ (எல்லா லேப்டாப்புக்கும் நகலெடுக்கும் மூலப் பிரதி) ஆன்சிபிள் டெம்ப்ளேட்டிலோ வைத்து எல்லோருக்கும் அனுப்பியிருப்பார்கள். சர்வரில் டபிள்யூஜி ஷோ ஓட்டிப் பாருங்கள், ஒரே பயனரின் எண்ட்பாயின்ட் முகவரி இரண்டு எண்களுக்கு நடுவே மாறி மாறித் தாவும். ஓபன்விபிஎன்னில் ஒரே பெயர்ச் சான்றிதழை இருவருக்குக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். ஒரே சான்றிதழைப் பலர் பயன்படுத்த விடும் டூப்ளிகேட்-சிஎன் என்ற செட்டிங்கைப் போட்டு மூடி மறைக்காதீர்கள். ஒரு லேப்டாப் திருடுபோனால் யாருடையதை ரத்து செய்வீர்கள்? சாவியை அந்தந்த மெஷினிலேயே உருவாக்கி, பொதுச்சாவியை மட்டும் சர்வருக்குக் கொண்டுவரும்படி ப்ளேபுக்கை (ஆன்சிபிளின் கட்டளைக் கோப்பு) எழுதுங்கள். தனிச்சாவியைத் தொடும் டாஸ்க்குகளில் நோ_லாக் (லாக்கில் பதிய விடாத செட்டிங்) போடுங்கள்.

அறிகுறி: ஆன்சிபிள் பாதியில் நின்றது, அப்புறம் அந்தப் பெட்டியே கிடைக்கவில்லை

ப்ளேபுக் எந்த டனல் (விபிஎன் இணைப்பு) வழியாகப் போனதோ, அதையே ரீஸ்டார்ட் செய்துவிட்டது. புது செட்டிங்கில் ஒரு எழுத்துப் பிழை இருந்தாலும் யாராவது மாதவரத்துக்கு பைக்கில் போக வேண்டும்.

கிளையன்ட் பட்டியலை மட்டும் மாற்றுவதற்கு ரீஸ்டார்ட்டே தேவையில்லை. டபிள்யூஜி சிங்க்கான்ஃப், ஓடும் இணைப்புகளைத் துண்டிக்காமல் மாற்றத்தை ஏற்றிவிடும். ஆனால் புதிய வழித்தடங்களையோ இன்டர்ஃபேஸின் முகவரியையோ அது தொடாது. அவற்றை மாற்றும்போது, முதலில் பழைய கோப்பைப் பத்திரப்படுத்தி, சிஸ்டம்டி-ரன் மூலம் ஐந்து நிமிடத்தில் அதைத் திரும்பப் போட்டு ரீஸ்டார்ட் செய்யும் ஒரு டைமரை வையுங்கள். அப்புறம் மாற்றத்தைச் செய்யுங்கள். புது டனல் வழியாக ஆன்சிபிள் திரும்ப உள்ளே நுழைய முடிந்தால் டைமரை ரத்து செய்யட்டும். முடியாவிட்டால் பெட்டி தானே பழைய நிலைக்கு வந்துவிடும். கூடவே சீரியல் மதிப்பை (ஒரு நேரத்தில் எத்தனை பெட்டி என்ற ஆன்சிபிள் செட்டிங்) 1 என்று வையுங்கள். முதல் கிளை விழுந்தால் ப்ளேபுக் அங்கேயே நின்றுவிடும், அடுத்த கிளையைத் தொடாது.

எதிலும் அடங்காவிட்டால்

நெட்வொர்க் டீமுக்கு டிக்கெட் போடும்போது நொடி வரை நேரம், பிழை எண், வீட்டு இணைப்பா ஹாட்ஸ்பாட்டா, மற்றதில் என்ன ஆனது, லேப்டாப்பின் உள் ஐபி, வெளியே தெரியும் ஐபி, இவை எல்லாவற்றையும் எழுதுங்கள். வெளி ஐபியும் நேரமும் இருந்தால் ஃபயர்வால் லாக்கில் அந்த ஒரு முயற்சியை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். பயனரின் பாஸ்வேர்டையோ சாவிக் கோப்பையோ டிக்கெட்டில் ஒட்டாதீர்கள்.